விற்கச் சொல்ல ஆளில்லை

டொராண்டோ பங்குச்சந்தை கோடையில் திறக்கும்போது நமக்கு இரவு 7 மணி. குளிர்காலத்தில் 8. திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவூரான அம்மையார்குப்பத்தில், விசைத்தறிச் சத்தம் தணிந்து வீடுகளில் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் அது. வெளிநாட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன் பேசும் நேரமும் அதுதான். இதுபோன்ற ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன் தறியைத் தாண்டி வேறு பிழைப்பில்லை. இப்போது பிள்ளைகள் பொறியியல் படித்துவிட்டு சென்னை, பெங்களூர் வழியாக டொராண்டோவரை போய்விட்டார்கள். மழை, சாப்பாடு, கல்யாணப் பேச்சு எல்லாம் முடிந்ததும் பேச்சு பணத்துக்கு வருகிறது. “இங்க ஒரு பேங்க் ஷேர் நல்லா இருக்குப்பா, உங்க பணத்துல கொஞ்சம் போட்டு வைக்கட்டுமா?” என்று பிள்ளை கேட்கிறது. ஆறு மாதம் கழித்து அப்பா கேட்கிறார்: “அது இறங்கிடுச்சின்னியே, வெச்சிக்கலாமா, வித்துடலாமா?”

கனடாப் பங்கானாலும் மும்பைப் பங்கானாலும் சிறு முதலீட்டாளரின் கேள்விகள் மூன்றுதான்: வாங்கலாமா, வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. செல்போனைத் திறந்தால் நூறு பேர். மூன்றாவது கேள்விக்கு யாரும் இல்லை. அது ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரை தேடிப்போகிறது. மக்களின் சேமிப்பு கரைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நெசவுக் குடும்பத்துக்கு இந்த மூன்று கேள்விகளும் புதிதில்லை. நூல் விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் கையிருப்புப் பணத்தில் பாவு நூலை வாங்கிப் போடுவார்கள். சேலை தேங்கினால், இன்னும் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதா, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நூல் கடனை அடைப்பதா என்று இரவெல்லாம் கணக்குப் போடுவார்கள். நஷ்டத்துக்கு விற்பது அவமானமல்ல, அடுத்த பாவுக்குப் பணம் புரட்டும் வழி என்பது தறிக்காரருக்குத் தெரியும். அவ்வளவு தேர்ந்த மனிதர், பங்கு என்று வந்ததும் தன் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு முகம் தெரியாத ஒருவரின் பேச்சைக் கேட்கிறார். நூல் வியாபாரியிடம் பேரம் பேசும்போது ‘இவனுக்கு இதில் என்ன லாபம்’ என்று முதலில் யோசிக்கிறவர், பங்கு சொல்கிறவரிடம் அதைக் கேட்பதில்லை.

கேட்காததற்கு வட தமிழகம் கொடுத்த விலை பெரிது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு, மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம்வரை தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவின் வழக்கு. 2022 மே மாதம் வழக்குப் பதிவானபோது வெளிவந்த கணக்கு: ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், சுமார் 2,438 கோடி ரூபாய். அதே ஆண்டில் காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.எஃப்.எஸ். நிறுவனமும் வழக்கில் சிக்கியது. அதில் போனதும் பல ஆயிரம் கோடி என்கிறது போலீஸ். வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் இந்தப் பெயர்களைக் கேள்விப்படாத தெருவே இருக்காது. பணம் கட்டச் சொன்னவர் பெரும்பாலும் வெளியாள் இல்லை. சொந்தக்காரர், பக்கத்துத் தெருக்காரர், கூடப் படித்தவர். அவருக்குக் கமிஷன் உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும், தெரிந்த மனிதர் ஆயிற்றே என்று கட்டினார்கள்.

இவை பங்குச்சந்தை முதலீடுகளே அல்ல. ஆனால் இவற்றில் சூடுபட்ட இளைஞர்கள் பலர் ‘இனி பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கண்காணிக்கும் இடத்தில்தான் பணம் போடுவேன்’ என்று பங்கு வாங்க டீமேட் கணக்கு தொடங்கினார்கள். சரியான முடிவு. கணக்கு திறந்த கையோடு, பங்கின் வருங்கால விலைமேல் பந்தயம் கட்டுவது போன்ற ஆப்ஷன் வணிகத்தின் பக்கம் போனதுதான் கேடு. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் ஒட்டிவைக்க வேண்டும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர், ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய், மொத்தத்தில் 1.8 லட்சம் கோடி ரூபாய் போனது. செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரு சதவீதம் மட்டுமே. நாட்டின் முதல் 30 நகரங்களுக்கு வெளியே வாழ்கிறவர்கள் இந்த வணிகர்களில் 72 சதவீதம். ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் கீழ் என்று சொன்னவர்கள் முக்கால்வாசிக்கும் மேல். இது நம்முடைய ஊர்களின் பணம், நம் பிள்ளைகளின் சம்பளம். 2024-25ஆம் ஆண்டுக் கணக்கிலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான்.

இவர்கள் யாருடைய பேச்சைக் கேட்டார்கள்? பங்குச்சந்தையைத் தமிழ்நாட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்த முகங்களில் ஒன்று பி.ஆர்.சுந்தர். சென்னையில் இருந்தபடி ஆப்ஷன் வணிகத்தைப் பற்றிப் பேசி லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்தவர். பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்கியதாக எழுந்த புகாரில், 2023 மே மாதம் செபியுடன் அவர் சமரசத்துக்கு வந்தார். குற்றத்தை ஏற்கவும் மறுக்கவும் செய்யாத ஏற்பாடு அது. வட்டியோடு சுமார் 6 கோடி ரூபாயை அவர் தரப்பு திருப்பிக் கட்டியது. சமரசத் தொகை தனி. ஓராண்டு சந்தையிலிருந்து விலகி இருக்கவும் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் பங்குப் பாடம் நடத்திய முகமது நசிருதீன் அன்சாரியின் 17 கோடி ரூபாய் வசூலை முடக்கி செபி உத்தரவிட்டது. மொழி வேறு, ஊர் வேறு, நடைமுறை ஒன்று. பங்கில் சம்பாதிப்பது எப்படி என்று சொல்லித்தருவதில் நிச்சயமான வருமானம் இருந்தது. கேட்டவர்களுக்கு அந்த நிச்சயம் இல்லை.

இது நம் ஊர்க்காரர்களின் அறியாமை என்று நினைத்தால் கனடாவைப் பார்க்கலாம். படித்த நாடு, பழைய சந்தை, பதிவு பெற்ற ஆலோசகர்கள். அங்கேயும் இதே பள்ளத்தில்தான் விழுந்தார்கள்.

நார்டெல் என்ற தொலைத்தொடர்புக் கருவி நிறுவனம், 2000ஆம் ஆண்டு உச்சத்தில் இருந்தபோது டொராண்டோ பங்குக் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தனியாக அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு பங்கின் விலை 124.50 கனடா டாலர்வரை போனது. அதே ஆண்டு பி.சி.இ. நிறுவனம் தன்னிடமிருந்த நார்டெல் பங்குகளில் பெரும்பகுதியைத் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுத்தது. பி.சி.இ. என்றால் பெல் டெலிபோனின் தாய் நிறுவனம். ஓய்வூதியக்காரர்கள் டிவிடெண்டுக்காக வாங்கி வைக்கும் பங்கு அது. நார்டெலை வாங்க வேண்டும் என்று ஒருநாளும் நினைக்காத பெரியவர்களின் கணக்கிலும் நார்டெல் வந்து சேர்ந்தது. அவர்களுக்கு ‘வாங்கலாமா’ என்ற கேள்வியே இல்லை, ‘விற்கலாமா’ மட்டும்தான். விலை 100, 60, 30 என்று இறங்கிய காலமெல்லாம் தரகு நிறுவனங்களின் அறிக்கைகளில் ‘வாங்கு’, ‘வைத்திரு’ என்ற சொற்களே மிகுந்திருந்தன. 2002இல் பங்கு ஒரு டாலருக்கும் கீழே போனது. 2009 ஜனவரியில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டது.

அந்த அறிக்கைகளை எழுதியவர்கள் மூடர்கள் இல்லை. ஒரு நிறுவனத்தின் பங்கை ‘விற்றுவிடு’ என்று எழுதினால், அந்த நிறுவனம் அடுத்த பங்கு வெளியீட்டு வேலையை வேறு தரகரிடம் கொடுத்துவிடும். அமெரிக்காவில் இது அம்பலத்துக்கே வந்தது. வெளியில் புகழ்ந்த பங்குகளை ஆய்வாளர்கள் உள்ளுக்குள் மின்னஞ்சலில் இகழ்ந்திருந்ததை விசாரணை வெளிக்கொண்டுவர, 2003இல் 10 பெரிய நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 140 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டன. ‘விற்றுவிடு’ என்று சொல்கிறவருக்கு அந்தத் தொழிலில் கூலி இல்லை. அன்றும் இல்லை, பெரும்பாலும் இன்றும் இல்லை.

இன்னொரு கனடாக் கதை வாங்குவதைப் பற்றியது. கால்கரியின் ப்ரீ-எக்ஸ், இந்தோனேசியாவின் போர்னியோ காட்டில் பூசாங் என்ற இடத்தில் மாபெரும் தங்கச்சுரங்கத்தைக் கண்டதாகச் சொன்னது. சில்லறைக் காசுக்கு விற்ற பங்கு ஏறி ஏறி, நிறுவனத்தின் மதிப்பு 600 கோடி கனடா டாலரை எட்டியது. தரகு நிறுவன ஆய்வாளர்கள் காட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து வாங்கச் சொன்னார்கள். ஓய்வூதிய நிதிகளும் வாங்கின. 1997 மார்ச்சில் அதன் நிலவியலாளர் ஒருவர் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மே மாதம் தனி ஆய்வு நிறுவனமான ஸ்ட்ராத்கோனா, பாறை மாதிரிகளில் வெளித்தங்கம் கலக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தது. சுரங்கத்தில் எடுக்கத்தக்க தங்கமே இல்லை.

அதன்பின் கனடா செய்த காரியத்தை நாம் உற்றுப் பார்க்க வேண்டும். 2001 முதல், ஒரு சுரங்கத்தில் எவ்வளவு தாது இருக்கிறது என்று ஒரு நிறுவனம் வெளியில் சொல்ல வேண்டுமானால், தகுதிபெற்ற நிபுணர் ஒருவர் தன் பெயரைப் போட்டு அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று விதி வந்தது. சொல்கிறவர் யார் என்பது சொல்லோடு சேர்ந்தே வர வேண்டும் என்றாயிற்று. ஆலோசகர்கள் பக்கமும் மெல்லக் கை வைத்தார்கள். வாடிக்கையாளர் ஓராண்டில் தரகு நிறுவனத்துக்கு என்னென்ன வகையில் எவ்வளவு கொடுத்தார் என்பதைச் சதவீதமாக மறைக்காமல் டாலரிலேயே எழுதி ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும் என்பது 2016இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆலோசனையே சொல்லாத தரகர்கள் மியூச்சுவல் ஃபண்டுகளிலிருந்து தொடர் கமிஷன் வாங்குவது 2022 ஜூனில் தடைசெய்யப்பட்டது. டொராண்டோவில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டு முகவரிக்கே அந்தச் சீட்டு வருகிறது. பிரித்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கனடாப் பங்கு என்றதும் தமிழ்நாட்டோடு நேரடியாக ஒட்டிய ஒரு பெயரையும் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் பிறந்த பிரேம் வாட்ஸா, சென்னை ஐ.ஐ.டி.யில் 1971இல் வேதிப்பொறியியல் முடித்துவிட்டு கனடா போனார். 1985இல் அவர் தொடங்கிய ஃபேர்ஃபேக்ஸ், இன்று அந்த நாட்டின் பெரிய காப்பீட்டுக் குழுமங்களில் ஒன்று. தொடங்கிய ஆண்டில் சுமார் 3 கனடா டாலராக இருந்த பங்கு, நாற்பது ஆண்டுகளில் 2,000 டாலரைத் தாண்டியது. அதன் கிளையான ஃபேர்ஃபேக்ஸ் இந்தியா 2015 முதல் டொராண்டோ சந்தையில் வணிகமாகிறது. பெங்களூர் விமான நிலையத்தில் அதற்குப் பெரும்பங்கு உண்டு, திருச்சூரின் சி.எஸ்.பி. வங்கியிலும் உண்டு. 2016 முதல் சென்னை சன்மார் குழுமத்தின் ரசாயனத் தொழிலிலும் முதலீடு செய்திருக்கிறது. டொராண்டோவில் அந்தப் பங்கை வாங்குகிற தமிழ்ப் பிள்ளை, சுற்றி வளைத்து சன்மாரின் மேட்டூர் ஆலையில் ஒரு துளியை வாங்குகிறது.

அதே வாட்ஸாதான் பிளாக்பெர்ரியில் சிக்கியவர். 2008இல் 140 கனடா டாலருக்கும் மேல் விற்ற அந்தக் கனடா நிறுவனத்தின் பங்கு இறங்கத் தொடங்கிய பிறகு, ஃபேர்ஃபேக்ஸ் வாங்கிக் குவித்தது. மேலும் இறங்க, மேலும் வாங்கியது. நம் ஆட்கள் ‘ஆவரேஜ் பண்றேன்’ என்பார்களே, அதே வேலை. 2013இல் பிளாக்பெர்ரி ஒற்றை இலக்க டாலருக்கு வந்துவிட்டது. அந்த முதலீடு தன் தவறு என்று பங்குதாரர்களுக்கான கடிதத்தில் வாட்ஸா பிற்பாடு ஒப்புக்கொண்டார். அவருக்கு அந்த நஷ்டத்தைத் தாங்க ஒரு காப்பீட்டுக் குழுமமே இருந்தது. இரண்டு தறியும் ஒரு மகள் கல்யாணமும் இருக்கிற குடும்பத்துக்கு அப்படி ஒரு முட்டு இல்லை. பெரியவர்கள் வாங்கியதைப் பார்த்து வாங்குகிறவர்கள், அவர்கள் எவ்வளவு இழந்தால் தாங்குவார்கள் என்பதைப் பார்ப்பதில்லை.

அப்பா அனுப்பும் பணத்தில் பிள்ளை கனடாப் பங்கு வாங்கும் ஏற்பாட்டுக்கு வருகிறேன். இதில் நல்ல ஆலோசகர் முதலில் பேசுவது பங்கின் பெயரை அல்ல, பணத்தின் வழியை. இந்தியாவில் வாழ்கிறவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் அமெரிக்க டாலர்வரை அனுப்பலாம். முதலீட்டுக்காக அனுப்பும் தொகை ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி வரியாகப் பிடித்துவைக்கும். பிறகு கணக்குத் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. பங்கை அப்பா தன் பெயரிலேயே வாங்கினால், வரும் டிவிடெண்டில் இரு நாட்டு ஒப்பந்தப்படி கனடா 25 சதவீதம்வரை பிடிக்கும். இரண்டு ஆண்டுக்குமேல் வைத்திருந்து விற்றால் இங்கே 12.5 சதவீத வரி. வெளிநாட்டுச் சொத்தை வருமானவரித் தாக்கலில் தனி அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டின் கருப்புப்பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமிருக்கிறது. சிறு தொகைகளுக்கு இப்போது விலக்கு தந்திருக்கிறார்கள் என்றாலும் காட்டும் கடமை போய்விடவில்லை.

இதைவிட நுட்பமான சிக்கல் குடும்பத்துக்குள் இருக்கிறது. ‘மகன் கணக்கில்தானே போடுகிறேன்’ என்று அப்பா அனுப்பும் பணம் சட்டப்படி மகனுக்குக் கொடுத்த அன்பளிப்பு. அந்தப் பங்கு மகனுடையது, வரியும் அவன் பாடு. நாளை மகளுக்கு என்று அப்பா மனதில் ஒதுக்கிவைத்த பணம், டொராண்டோ கணக்கில் மகன் பெயரில் நிற்கும். விலை இறங்கும்போது யாருடைய நஷ்டம் என்ற பேச்சு வரும், ஏறும்போது யாருடைய லாபம் என்ற பேச்சு அதைவிடச் சூடாக வரும். பங்கு சொல்லும் எந்த டெலிகிராம் குழுவும் இதைச் சொல்லித் தராது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நெசவூரில் இருந்துகொண்டு தனித்தனிக் கனடாப் பங்குகளைத் தேட வேண்டிய தேவை இல்லை. டொராண்டோ சந்தையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நிதித்துறை, அதற்கு அடுத்து எண்ணெயும் சுரங்கமும் பெரும் இடம் பிடிக்கின்றன. அங்கே சம்பளம் வாங்குகிற, அங்கேயே வீடு வாங்கப்போகிற பிள்ளைக்கு அந்தப் பங்குகளில் பொருள் உண்டு. 2009 முதல் அந்த நாடு தருகிற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் அதை வைத்துக்கொள்ளலாம். இங்கே ரூபாயில் செலவு செய்யும் அப்பாவுக்கு முதல் தேவை, நூல் விலை ஏறி வேலை நின்றுபோனால் ஆறு மாதம் ஓட்டப் பணம். அடுத்து மருத்துவக் காப்பீடு. பங்கு அதற்குப் பிறகு. இதை ஒருவர் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். சொல்பவருக்கு நேர்மையான கூலி கிடைக்க வேண்டும்.

அந்த ஒருவர்தான் நம் ஊர்களில் இல்லை. காப்பீட்டு முகவர் இருக்கிறார், பாலிசி விற்றால் கமிஷன். ஃபண்டு விநியோகஸ்தர் இருக்கிறார், பணம் உள்ளே இருக்கும்வரை கமிஷன். தரகு ஆப் இருக்கிறது, நாம் வாங்கினாலும் விற்றாலும் அதற்குக் காசு. இவர்களில் நல்லவர்கள் நிறைய உண்டு. ஆனால் ‘இதை விற்றுவிட்டுக் கடனை அடையுங்கள், அண்ணா’ என்று சொன்னால் இவர்களில் பலருக்கு வருமானம் குறையும். கமிஷன் வாங்காமல் வாடிக்கையாளர் தரும் கட்டணத்தை மட்டும் நம்பித் தொழில் செய்யும் ஆலோசகரை 2013இலேயே செபி தன் விதிகளில் உருவாக்கிவிட்டது. இருந்தும், கோடிக்கணக்கான முதலீட்டாளர்கள் உள்ள நாட்டில் அப்படிப் பதிவு பெற்றவர்கள் ஆயிரத்தைச் சுற்றியே நிற்கிறார்கள். அவர்களும் பெரும்பாலும் பெருநகரங்களில், பெரிய பணக்காரர்களுக்காக.

அந்தப் பஞ்சத்தைத்தான் போலிகள் நிரப்புகிறார்கள். ஆலோசகர் என்று யாராவது வந்தால் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்றும், பங்கு ஆய்வாளர் என்றால் ஐ.என்.ஹெச். என்றும் எண் தொடங்கும். செபி தளத்தில் தேடினால் பெயர் வர வேண்டும். 2025 அக்டோபர் முதல் பதிவு பெற்றவர்களுக்கு ‘வேலிட்’ என்ற சொல்லும் வங்கியின் பெயரும் சேர்ந்த தனி யுபிஐ முகவரி வழங்கப்படுகிறது. பணம் அனுப்பும்போது திரையில் பச்சை முக்கோணத்துக்குள் வெள்ளைக் கட்டைவிரல் தெரியும். தனிநபர் கணக்குக்குக் கட்டணம் கேட்டாலே பேச்சை முடித்துவிடலாம். ஏற்கெனவே பணம் போய்விட்டதென்றால் அன்றைக்கே 1930க்கு அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

2024 டிசம்பரில் செபி விதிகளைத் தளர்த்தியது. ஆலோசகராக முன்பு பட்டமேற்படிப்பும் அனுபவமும் சொத்து மதிப்பும் கேட்டார்கள். இப்போது பி.காம். போன்ற ஒரு பட்டமும், தேசியப் பத்திரச் சந்தைகள் நிறுவனம் (என்.ஐ.எஸ்.எம்.) நடத்தும் இரண்டு தேர்வுகளில் தேர்ச்சியும் போதும். அனுபவம் தேவையில்லை. 150 வாடிக்கையாளர்வரை வங்கியில் ஒரு லட்சம் ரூபாய் வைப்பு வைத்தால் சரி. வேறு வேலையில் இருந்தபடி, 75 வாடிக்கையாளர்வரை வைத்துப் பகுதிநேரமாகவும் செய்யலாம். ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு 500 ரூபாய் வீதம் 75 குடும்பங்களிடம் வாங்கினாலும் 37,500 ரூபாய் வரும். அதை வைத்து வாழ முடியாது, ஆனால் பள்ளியிலோ கணக்கர் அலுவலகத்திலோ வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது வருமானம். திருத்தணிக் கல்லூரியில் வணிகவியல் படித்து வெளிவரும் தறிவீட்டுப் பெண்களில் யாராவது அந்தத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வைப்புத்தொகை ஒரு லட்சத்தை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களோ மாவட்ட நிர்வாகமோ கடனாகக் கொடுக்கலாம். திருவள்ளூர் மாவட்டத்துக்கு அப்படிப் பத்துப் பேர் கிடைத்தால் தொடங்கிவிடலாம்.